எந்த மாநிலத்துப் பெண்? மருத்துவப் பள்ளி விண்ணப்பத்தில் இருப்பிடத் தகுதி: ஒரு நிகழ்வு ஆய்வு

டெக்சாஸில் டாலஸ் நகருக்கு வடக்கே ஒரு புறநகரில் வருமான வரிக் கணக்கு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் தமிழ்க் குடும்பத்தினர். அவர்களில் ஒரு குடும்பத்துக்கு 2021 முதல் 2025 வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். அவர்களுடைய சம்மதம் பெற்றிருக்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க ஊர், வேலை போன்ற சிறு விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். சட்ட விவரம் எதையும் மாற்றவில்லை.

பின்னணி

தந்தை மென்பொருள் பொறியாளர், அம்பாசமுத்திரத்துக்காரர். தாய் பள்ளியில் உதவி ஆசிரியை. நியூஜெர்சியில் பதினாறு ஆண்டுகள் இருந்தார்கள். நால்வருமே அமெரிக்கக் குடிமக்கள். மகள் 2000 மார்ச்சில் பிறந்தவள். 2018இல் நியூஜெர்சியில் உயர்நிலைப் பள்ளியை முடித்துவிட்டு பாஸ்டனில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். மகனுக்கும் அவளுக்கும் ஆறு வயது இடைவெளி.

2021 பிப்ரவரியில் தந்தையின் வேலை டெக்சாஸுக்கு மாறியது. பனிப்புயலில் மின்சாரம் போய் மாநிலமே உறைந்து கிடந்த மாதம் அது. புயல் ஓய்ந்த அடுத்த வாரம் வந்து இறங்கினார்கள். மகன் இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தான். நியூஜெர்சி வீட்டை விற்று, அந்தக் கோடையிலேயே இங்கே ஒரு வீடு வாங்கினார்கள். மகள் பாஸ்டன் விடுதியிலேயே இருந்தாள். விடுமுறைக்கு மட்டும் புதிய வீட்டுக்கு வந்துபோனாள். 2022 மே மாதம் பட்டம் பெற்றாள். ஜூலை நடுவில் பாஸ்டனிலேயே ஓர் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிப்பவர்களில் பலர் பட்டத்துக்கும் விண்ணப்பத்துக்கும் இடையில் இப்படி ஓரிரு ஆண்டுகள் வேலை செய்கிறார்கள்.

மகள் டெக்சாஸ்காரி என்பதில் தந்தைக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவர் பொறியியல் படிப்பில் சேர்ந்த காலத்தில் தாசில்தார் அலுவலகத்தில் இருப்பிடச் சான்றிதழ் வாங்கியவர். பெற்றோரின் ஊர்தான் பிள்ளையின் ஊர். கையெழுத்தும் முத்திரையும் விழுந்துவிட்டால் அதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், 'நாங்கள் இங்கே வீடு வாங்கி வரி கட்டுகிறோம், அவளும் இந்த ஊர்தானே' என்று நம்பினார். அமெரிக்காவில் பொதுவாக அப்படிச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகம் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி, விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலர் மூலம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது.

ஒருவரை உள்மாநில மாணவராக ஏற்க டெக்சாஸ் கல்விச் சட்டம் மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, மாணவரே டெக்சாஸில் டொமிசைல், அதாவது நிலையான இருப்பிடம் அமைத்து, சேரும் பருவத்தின் மாணவர் கணக்கெடுப்பு நாளுக்கு முன் ஓர் ஆண்டு தொடர்ந்து அதைக் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, மாணவர் பெற்றோரின் டிபெண்டென்டாக, அதாவது வரிக் கணக்கில் அவர்களைச் சார்ந்தவராக இருந்து, பெற்றோர் அந்த ஓராண்டைப் பூர்த்தி செய்திருக்க வேண்டும். மூன்றாவது, டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி முடித்திருக்க வேண்டும். முடிப்பதற்கு முந்தைய 36 மாதங்களும், கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய ஓராண்டும் இங்கேயே வசித்திருக்க வேண்டும்.

தெரியவந்தது

2023 பிப்ரவரியில், 2022ஆம் ஆண்டுக்கான வரிக் கணக்குக்காக அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தோம். மகளின் சம்பளப் படிவம் பாஸ்டனிலிருந்து வந்திருந்தது. அவளை அந்த ஆண்டுக்கு டிபெண்டென்டாகக் காட்டலாமா என்று பார்த்தேன். காட்டலாம். வயது 22. ஜனவரி முதல் மே வரை முழுநேர மாணவி. 24 வயதுக்குக் குறைந்தவர் ஆண்டில் ஐந்து மாதங்கள் முழுநேரம் படித்திருந்தால் போதும் என்கிறது வருமான வரி விதி. வேலையில் சேரும்வரை பாதி ஆண்டுக்கு மேல் பெற்றோர் வீட்டைச் சேர்ந்தவளாகத்தான் இருந்தாள். செலவில் பெரும்பகுதியும் பெற்றோருடையது.

அப்போது தாய் சொன்னார்: "அக்கா, இந்த மே மாதம் அவள் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கிறாள். டெக்சாஸ்தான் முதல் விருப்பம். இங்கே உள்ளவர்களுக்கு இடம் கிடைப்பது எளிது என்கிறார்களே?"

அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். என் கண் அந்தச் சம்பளப் படிவத்தை விட்டு அகலவில்லை. மே 2023இல் விண்ணப்பித்தால் சேர்வது 2024 கோடையில். அப்போது எந்த வரி ஆண்டைப் பார்ப்பார்கள்? 2022ஐ அல்ல, 2023ஐயும் 2024ஐயும். 2023 முழுவதும் அவள் மாணவி அல்ல. அந்த ஆண்டில் வருமானம் 4,700 டாலரைத் தாண்டினால், உறவினர் என்ற வகையிலும் அவளை டிபெண்டென்டாகக் காட்ட முடியாது. ஆய்வகச் சம்பளம் அதைப் போல் பல மடங்கு. 2024 மார்ச்சில் அவளுக்கு 24 வயது முடிந்துவிடும். மறுபடி மாணவியானாலும் பயனில்லை. ஆக இரண்டாவது வழி அடைபட்டது. பெற்றோர் டெக்சாஸில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அது அவள் கணக்கில் சேராது.

உடனே அவளை வீடியோவில் அழைத்தோம். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொன்னேன். கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். நியூஜெர்சி உரிமம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விற்ற வீட்டின் முகவரி அதில் இருந்தது. வாக்காளர் பதிவும் அங்கேதான். அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

கேட்கக் கேட்க நிலைமை தெளிவானது. நியூஜெர்சியில் பெற்றோரும் இல்லை, அவளும் இல்லை. அட்டை மட்டும் இருக்கிறது. மாசசூசெட்ஸுக்குப் படிக்க வந்தவள், வேலையில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. கல்லூரியில் படித்த காலம் பொதுவாக எந்த மாநிலத்திலும் டொமிசைல் ஆவதில்லை. டெக்சாஸில் அவளுக்கென்று இருந்தது பெற்றோர் வீட்டில் ஓர் அறை. திரிசங்குவின் நிலை.

இதில் இன்னொன்று எனக்கு உறைத்தது. அதே மேசையின் மறுமுனையில் தம்பி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அவன் 2024 மே மாதம் பள்ளியை முடிக்கும்போது டெக்சாஸில் 39 மாதங்கள் ஆகியிருக்கும். மூன்றாவது வழி அவனுக்குத் தானாகவே திறந்துவிடும். ஒரே பெற்றோர், ஒரே வீடு. சட்டத்தின் கண்ணில் இருவரும் வேறு வேறு மாநிலத்தவர்.

இடமா, பணமா

பெற்றோரின் முதல் கவலை கட்டணம். டெக்சாஸ் சட்டப்படி அரசு மருத்துவப் பள்ளிகளில் உள்மாநில மாணவருக்கு ஆண்டுக்கு 6,550 டாலர் அடிப்படைக் கட்டணம். வெளிமாநில மாணவருக்கு அதைப் போல் மூன்று மடங்கு, 19,650. இதன் மேல் ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாக வேறு கட்டணங்கள் சேர்க்கிறது. வித்தியாசம் ஆண்டுக்கு 13,100, நான்கு ஆண்டுக்கு 52,400 டாலர்.

பெரிய தொகைதான். ஆனால் அதைவிடப் பெரிய தடை வேறு இருந்தது. டெக்சாஸ் அரசு மருத்துவப் பள்ளிகள் புதிதாகச் சேர்க்கும் மாணவர்களில் வெளிமாநிலத்தவர் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இது மாநிலம் விதித்த வரம்பு. அந்தப் பத்தில் ஓரிடத்துக்கு நாடு முழுவதும் போட்டி. கட்டணத்துக்காவது ஒரு மாற்று வழி உண்டு. போட்டி முறையில் வழங்கும் 1,000 டாலருக்குக் குறையாத உதவித்தொகை கிடைத்தால், வெளிமாநில மாணவரிடமும் உள்மாநிலக் கட்டணம் வாங்கப் பள்ளிக்கு அனுமதி இருக்கிறது. இடத்துக்கு அப்படி மாற்று இல்லை. தந்தை இதை ஏற்க நேரமானது. கணக்கைப் பணத்தில்தான் போட்டுக்கொண்டிருந்தார்; வாய்ப்பில் போட வேண்டும் என்று இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

முன்னிருந்த வழிகள்

முதல் வழி, திட்டப்படி 2023 மே மாதமே விண்ணப்பிப்பது. டெக்சாஸில் வெளிமாநிலத்தவளாக, மற்ற இடங்களில் தனியார் பள்ளிகளுக்கு. பெரும்பாலான தனியார் பள்ளிகளில் மாநிலத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறாது. டெக்சாஸில் இதற்குப் பெரிய விதிவிலக்கு ஹூஸ்டனில் உள்ள பேய்லர். அது தனியார் பள்ளிதான். ஆனால் மாநில அரசு நிதி கொடுப்பதால் டெக்சாஸ் மாணவர்களுக்குக் குறைந்த கட்டணம். மருத்துவப் பள்ளி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் அவளுடைய மதிப்பெண் 528க்கு 513. நல்ல மதிப்பெண். நாடு முழுவதும் போட்டியிடும் தனியார் பள்ளிகளில் அது மட்டும் கரை சேர்த்துவிடாது.

இரண்டாவது வழி, வெளிமாநிலத்தில் சேர்ந்துவிட்டுப் பிறகு உள்மாநிலத்தவளாக மாறுவது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிகளில் இது பழக்கமான வழி. வெளிமாநிலத்தவர் கட்டும் கூடுதல் தொகை ஆண்டுக்கு 12,245 டாலர். அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தைச் செயலில் காட்டி 366 நாள் இருந்தால் இரண்டாம் ஆண்டில் மறுபரிசீலனை கேட்கலாம். டெக்சாஸில் படிக்க வந்தவரைப் படிப்புக்காகத்தான் வந்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதை உடைக்கும் பொறுப்பு மாணவருடையது. எப்படியிருந்தாலும் முதலில் இடம் கிடைக்க வேண்டுமே.

மூன்றாவது வழி, பாஸ்டன் வேலையை விட்டு டெக்சாஸுக்கு வந்து, இங்கே வேலை பார்த்து, சொந்தமாக டொமிசைல் அமைத்து, ஓராண்டு தள்ளி 2024 மே மாதம் விண்ணப்பிப்பது.

நான்காவதாக ஒரு யோசனையும் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் பல வீடுகளில் அது வருகிறது. உறவினர் ஒருவர் சொன்னார்: "அவள் பெயரில் ஒரு பிளாட்டை வாடகைக்கு எடுங்கள். கரண்ட் பில்லும் அவள் பெயரில் வரட்டும். போன வருடமே வந்துவிட்டாள் என்று எழுதிவிடலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?"

நான் முடியாது என்றேன். டெக்சாஸ் பள்ளிகள் பயன்படுத்தும் இருப்பிடக் கேள்விப் படிவத்தின் இறுதியில், கொடுத்த விவரங்கள் உண்மை என்று மாணவர் கையெழுத்திட்டு உறுதி கூற வேண்டும். பொய் தெரிந்தால் இடம் போகும். அது ஒருபுறம் இருக்கட்டும். மருத்துவராகப் போகிறவள் தன் தொழிலின் முதல் காகிதத்தில் பொய்க் கையெழுத்துப் போடுவதற்கு நான் துணை நிற்க மாட்டேன். தந்தை அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளிடம் அதைச் சொல்லவே இல்லை என்று பின்னால் தாய் சொன்னார்.

வீட்டுப் பத்திரத்தில் மகள் பெயரையும் சேர்த்தால் போதாதா என்று தந்தை கேட்டது நியாயமான கேள்வி. டெக்சாஸ் விதியில் வேலை, வீட்டு உரிமை, தொழில் நடத்துதல், டெக்சாஸ்காரரோடு திருமணம் ஆகியவை டொமிசைலை நிலைநாட்டும் செயல்கள். ஆனால் அதோடு அவளும் பன்னிரண்டு மாதங்கள் இங்கே வசிக்க வேண்டும். பத்திரத்தில் பெயர் இருந்து ஆள் பாஸ்டனில் இருந்தால் எந்தப் பயனும் இல்லை.

எடுத்த முடிவு

முடிவை அவள்தான் எடுக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொன்னேன். இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். ஆய்வகத்தில் அவள் பெயர் வரவேண்டிய கட்டுரை ஒன்று பாதியில் இருந்தது. தோழிகள் எல்லோரும் பாஸ்டனில். "ஆன்ட்டி, ஒரு வருடம் வீணாகப் போகிறதே" என்று ஒருநாள் இரவு தொலைபேசியில் கேட்டாள். குரலில் அழுகை இருந்தது.

வீணாகாது என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஓராண்டு தாமதம் என்பது கடைசியில் மருத்துவராகச் சம்பாதிக்கும் ஓராண்டை இழப்பதுதான். கட்டண மிச்சத்தைவிட அது பெரியது. பணத்தை மட்டும் பார்த்தால் தள்ளிப்போடுவதில் பொருளே இல்லை என்று அவளிடமே சொன்னேன். பொருள் இருப்பது ஓரிடத்தில்தான். இப்போதே விண்ணப்பித்து எங்கும் இடம் கிடைக்காவிட்டால், மறுபடி விண்ணப்பிக்க எப்படியும் ஓராண்டு போகும். அப்போதும் எந்த மாநிலத்தவளும் அல்லாதவளாகவே நிற்பாள்.

மார்ச் இறுதியில் முடிவைச் சொன்னாள். ஜூன் வரை ஆய்வக வேலை, பிறகு டெக்சாஸ், 2024இல் விண்ணப்பம். கட்டுரைக்கான மிச்ச வேலையை மட்டும் வீட்டிலிருந்து செய்துகொடுப்பதாக ஆய்வகத் தலைவரிடம் பேசி வைத்தாள். இந்தச் சிறு ஏற்பாடு பின்னால் கேள்வியாக வரும் என்பதை நானும் அப்போது கவனிக்கவில்லை.

பன்னிரண்டு மாதங்கள்

2023 ஜூன் முதல் வாரம் காரில் இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தாள். புதிதாகக் குடிவருபவர் காரை 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுநர் உரிமத்தை 90 நாட்களுக்குள் மாற்ற வேண்டும். இரண்டையும் ஜூன் மாதத்திலேயே முடித்தாள். நியூஜெர்சி வாக்காளர் பதிவை ரத்து செய்து இங்கே பதிந்தாள். வங்கி, காப்பீடு, கைபேசி எல்லாவற்றிலும் முகவரி மாறியது.

வேலையில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு ஓராண்டு ஆய்வுப் பயிற்சி கிடைக்கும் போல் இருந்தது. விண்ணப்பத்துக்கு அழகு சேர்க்கும். ஆனால் மாணவர் என்ற நிலையை ஒட்டிக் கிடைக்கும் வேலையும் உதவித்தொகையும் டொமிசைலுக்கு ஆதாரமாக ஏற்கப்படுவதில்லை. அந்தப் பயிற்சி எந்த வகையில் சேரும் என்று அங்கே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதை விட்டுவிட்டு, இதயநோய் மருத்துவமனை ஒன்றில் ஸ்க்ரைப் வேலைக்குச் சேர்ந்தாள். மருத்துவர் நோயாளியைப் பார்க்கும்போது பக்கத்தில் இருந்து குறிப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலை. வாரம் 35 மணி நேரம். சம்பளம் பாஸ்டனில் வாங்கியதைவிடக் குறைவு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வேறு பல மாநிலங்களில் மாநில வருமான வரிக் கணக்கே இருப்பிடத்துக்கு ஒரு வலுவான ஆதாரம். டெக்சாஸில் தனிநபருக்கு மாநில வருமான வரியே இல்லை, ஆகவே அந்தக் காகிதமும் இல்லை. அதனால் வேலை கொடுத்தவரின் கடிதம்தான் முதுகெலும்பு. எந்தத் தேதியிலிருந்து வேலை செய்கிறார், பன்னிரண்டு மாதங்கள் நிறைந்துள்ளனவா என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுக்கு மாசசூசெட்ஸில் பகுதி ஆண்டுக் குடியிருப்பாளர் என்று கணக்குத் தாக்கல் செய்தோம். அந்த மாநிலத்தை விட்டு வெளியேறிய தேதியை அது எழுத்தில் பதிவு செய்தது.

2024 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. என்ன வழக்கோ என்று பயந்து தாய் எனக்குப் புகைப்படம் அனுப்பினார். நடுவர் குழுவில் பணியாற்ற அழைப்பு. குடிமகளாக அவளை இந்த ஊர் அடையாளம் கண்டுகொண்டது என்று சொன்னேன். ஒருநாள் விடுப்பு எடுத்துப் போய்வந்தாள்.

இதற்கிடையில் 2023 டிசம்பரில் அம்பாசமுத்திரத்தில் பாட்டிக்கு உடல்நிலை மோசமானது. இரண்டு மாதம் போய் உடனிருக்க விரும்பினாள். நான் மூன்று வாரம் போதும் என்றேன். ஓராண்டுக் கணக்கில் இடைவெளி விழக் கூடாது என்ற பயம் எனக்கு. மூன்று வாரத்தில் திரும்பி வந்தாள்.

விண்ணப்பமும் ஒரு கேள்வியும்

டெக்சாஸ் அரசு மருத்துவப் பள்ளிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற ஒரே பொது விண்ணப்பம். மற்ற மாநிலப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ். 2024 மே மாதம் இரண்டிலும் விண்ணப்பித்தாள். டெக்சாஸில் பதினொரு பள்ளிகள், வெளியே எட்டு தனியார் பள்ளிகள். இருப்பிடப் பகுதியை நிரப்பும்போது, யாரும் தன்னை டிபெண்டென்டாகக் காட்டவில்லை, தன் வரியைத் தானே கட்டுகிறேன், 2023 ஜூன் முதல் இங்கே வசித்து வேலை செய்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

ஜூலையில் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. ஆய்வகத்துக்காக வீட்டிலிருந்து செய்த சில மணி நேர வேலைக்கு 2023 டிசம்பர் வரை சம்பளம் வந்திருந்தது. அதில் மாசசூசெட்ஸ் வரியும் பிடித்திருந்தார்கள். ஜூனில் வந்துவிட்டேன் என்று சொல்பவருக்கு டிசம்பர் வரை அந்த மாநிலத்தில் எப்படிச் சம்பளம் என்பது கேள்வி. கேட்டது சரிதான்.

ஆய்வகத் தலைவரிடமிருந்து கடிதம் பெற்றோம்: இன்ன தேதியோடு அலுவலகப் பணி முடிந்தது, அதன்பின் வாரம் நான்கு மணி நேரம் டெக்சாஸிலிருந்து செய்தார். மருத்துவமனைக் கடிதம், உரிமம் வழங்கப்பட்ட தேதி, மாசசூசெட்ஸ் பகுதி ஆண்டுக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு பக்கக் குறிப்போடு அனுப்பினாள். மூன்று வாரம் பதில் இல்லை. அந்த வீட்டில் அந்த மூன்று வாரமும் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஆகஸ்டில் உள்மாநில விண்ணப்பதாரர் என்று உறுதியானது.

முடிவு

ஐந்து டெக்சாஸ் பள்ளிகள் நேர்காணலுக்கு அழைத்தன. தனியார் பள்ளிகளில் ஒன்று மட்டும் அழைத்துக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. டெக்சாஸ் முறையில், மாணவர்களும் பள்ளிகளும் தரும் விருப்பப் பட்டியல்களை இணைத்து பிப்ரவரியில் நடக்கும் பொருத்தத்துக்கு முன்பே, அக்டோபர் நடுவிலிருந்து உள்மாநில விண்ணப்பதாரர்களுக்குப் பள்ளிகள் இடம் வழங்கலாம். அக்டோபர் கடைசி வாரம் ஓர் அரசுப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. மருத்துவமனையில் நோயாளி ஒருவரின் குறிப்பை முடித்துவிட்டுத்தான் கைபேசியைத் திறந்து பார்த்தாளாம். 2025 கோடையில் சேர்ந்தாள். சேரும்போது பதிவாளர் அலுவலகம் இருப்பிடக் கேள்விகளை மறுபடி கேட்டது. அதே கோப்பு போதுமானதாக இருந்தது.

ஓராண்டு முன்பே விண்ணப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இடம் கிடைத்தே இருக்கலாம். ஐந்து உள்மாநில அழைப்புகளுக்கு எதிரே ஒரு வெளிமாநில அழைப்பு என்ற எண்ணிக்கையைப் பார்க்கும்போது, எடுத்த முடிவில் எனக்கு வருத்தம் இல்லை. ஸ்க்ரைப் வேலையைப் பற்றி அவள் சொன்னதையும் குறித்து வைக்கிறேன். நேர்காணல்களில் ஆய்வகத்தைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லையாம். அந்த இதயநோய் மருத்துவமனையில் பார்த்த மனிதர்களைப் பற்றித்தான் கேட்டார்களாம்.

கட்டணப் பேச்சு இனிமேல் இன்னும் கூர்மையாகும். 2025 ஜூலையில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மாணவர்களுக்குக் கிராட் பிளஸ் என்ற, மேற்படிப்புக்கான கூட்டாட்சிக் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்குக் கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. வெளிமாநிலக் கட்டணத்தோடு வீட்டு வாடகையும் சேர்ந்தால் பல பள்ளிகளில் அந்த வரம்பு போதாது. மிச்சத்துக்குத் தனியார் கடன்தான். இவள் அதற்கு முன் சேர்ந்துவிட்டாள்.

மறுபடி நேர்ந்தால்

என் தவறு முதலில். இந்தக் குடும்பத்தின் 2021 வரிக் கணக்கை 2022 ஏப்ரலில் நான்தான் போட்டேன். மகள் அப்போது கடைசிப் பருவத்தில் இருந்தாள். பட்டத்துக்குப் பிறகு என்ன செய்யப்போகிறாள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஜூலையில் பாஸ்டனில் சேர்வதற்குப் பதில் டெக்சாஸிலேயே வேலை தேடச் சொல்லியிருப்பேன். 2023 கோடையிலேயே ஓராண்டு நிறைந்திருக்கும். எதையும் தள்ளிப்போட்டிருக்க வேண்டாம். எனக்கு வரி தெரியும், இருப்பிட விதியும் தெரியும். இரண்டும் ஒரே பிள்ளையின் வாழ்க்கையில் சந்திக்கும் இடத்தை நான் பார்க்கத் தவறினேன்.

ஆய்வக வேலையின் மிச்சத்தைப் பற்றியும் அன்றே கேட்டிருக்க வேண்டும். அந்தச் சம்பளத்தில் எந்த மாநிலத்து வரி பிடிக்கிறார்கள் என்று 2023 ஜூலையிலேயே பார்த்துத் திருத்தியிருந்தால், தூக்கமில்லாத அந்த மூன்று வாரம் இருந்திருக்காது.

பாட்டி விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. அவர் 2024 செப்டம்பரில் காலமானார். டொமிசைல் உள்ளவர் திரும்பி வரும் எண்ணத்தோடு தற்காலிகமாக வெளியே போவதை டெக்சாஸ் விதி தடுப்பதில்லை. அவள் ஏற்கெனவே ஆறு மாதம் இங்கே வேலை செய்திருந்தாள். மருத்துவமனையிலிருந்து முறையான விடுப்பு வாங்கி, திரும்பும் டிக்கெட்டோடு இரண்டு மாதம் போயிருந்தால் அதற்காக யாரும் அவளைத் தள்ளியிருக்க மாட்டார்கள் என்றே இப்போது நினைக்கிறேன். என் பயத்தை விதி போல அவளிடம் சொன்னேன். பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பாட்டியோடு அந்த மூன்று வாரமாவது இருந்தேனே ஆன்ட்டி" என்றாள்.

வேலை விசாவில் உள்ளவரின் குடும்பத்தினருக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படிக்கக்கூடும். டெக்சாஸில் எச்-4 விசாக்காரர் டொமிசைல் அமைக்கலாம். 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் அந்த வாய்ப்பு போகும். உயர்நிலைப் பள்ளி வழியைத்தான் நம்ப வேண்டியிருக்கும். தவிர, பல மருத்துவப் பள்ளிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கின்றன. அவர்களுடைய கணக்கு இந்தக் குடும்பத்தின் கணக்கு அல்ல. இதை அப்படியே எடுத்துப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

நான் வரிக் கணக்குக்கு முன் குடும்பங்களிடம் கொடுக்கும் கேள்வித்தாளில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: 'உங்கள் பிள்ளை அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்த மாநிலத்தில் படிப்பார், எந்த மாநிலத்தில் சம்பளம் வாங்குவார்?' சென்ற பிப்ரவரியில் அதே சாப்பாட்டு மேசையில் தம்பி அதை நிரப்பினான். டெக்சாஸ் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்கும் மருத்துவம் படிக்க ஆசை. பட்டம் முடித்ததும் அக்கா இருந்த அதே பாஸ்டன் ஆய்வகத்தில் ஓராண்டு வேலை செய்யலாமா என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான். உயர்நிலைப் பள்ளி வழியிலும் சேர்வதற்கு முந்தைய ஓராண்டு இங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு என்று சொல்லி, நாட்காட்டியை எடுத்து இருவரும் உட்கார்ந்தோம்.